கலப்பதற்கென்று சொன்னால் பழைய பியர்: மதுக்கடையில் எனக்கு நேர்ந்தது

யாழ்ப்பாண நகரை அண்டிய ஒரு மதுக்கடையில், வீட்டில் ஷாண்டி கலப்பதற்காக நான் வாங்கிய பியர் காலாவதித் திகதி சுரண்டப்பட்ட பழைய சரக்காக இருந்ததையும், அதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அதைவிட ஆபத்தான ஒன்றை மாற்றாகத் தர முயன்றதையும் மற்றவர்கள் அறிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். முறைப்பாடு கொடுக்கப்பட்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

கனடாவிலிருந்து அத்தான் வந்திருந்தார். அவர் கடுமையான மதுவைத் தொடுவதில்லை. இந்த வெயிலுக்கு ஷாண்டி என்றால் விரும்பிக் குடிப்பார். அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. நன்றாகக் குளிர்ந்த பியரும் அதே அளவு ஜிஞ்சர் பியரும் (மதுசாரமில்லாத இஞ்சிச் சோடா), மேலே கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும் போதும். பியரில் மதுசாரம் 5 சதவீதம் என்றால், சரிபாதி கலந்தபின் குவளையில் இருப்பது ஏறத்தாழ 2.5 சதவீதம்தான். கடையில் நின்றவர், "அண்ணை, சும்மா குடிக்கவோ, கலக்கவோ?" என்று கேட்டார். கலப்பதற்கு என்றேன். குளிர்பெட்டியைத் திறக்கப் போன கையை எடுத்துக்கொண்டு அவர் பின்புறம் சென்று, ஏற்கெனவே பத்திரிகைத்தாளில் சுற்றி வைத்திருந்த 625 மில்லிலீற்றர் போத்தல்களைக் கொண்டுவந்து பையில் அடுக்கினார். "கலக்கிறதுக்கு இது காணும், இஞ்சி விட்டால் ஒண்டும் தெரியாது" என்று அவர் சொன்னதன் முழுப் பொருளும் வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

குளிரவைத்த போத்தலைத் திறந்து, குவளையைச் சரித்துப் பிடித்து ஊற்றினேன். நுரை எழுந்த வேகத்திலேயே அடங்கியது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டியின் மணம் முதலில் வந்தது. அதற்கடியில் இரப்பர் எரியும் நெடி ஒன்றும் இருந்தது. ஜிஞ்சர் பியரைச் சேர்த்ததும் அந்த நெடி மறைவதற்குப் பதிலாக இன்னும் மேலே கிளம்பியது. அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டுக் குவளையை மேசையில் வைத்தார். பத்திரிகைத்தாளை முழுவதும் அகற்றிப் போத்தலைத் திருப்பிப் பார்த்தபோது, பின்பக்க லேபலில் திகதி அச்சிடப்பட்டிருந்த இடம் மட்டும் தாள் வெளுக்கும்வரை சுரண்டப்பட்டிருந்தது. மற்றப் போத்தல்களிலும் அதே இடத்தில் அதே சுரண்டல்.

பியர் பழுதாகாது என்று நம்மில் பலர் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. சூட்டில் கிடந்தால் பியர் விரைவாகப் பழசாகி அட்டை மணம் கொள்ளும். வெயில் பட்டால், கசப்புக்காகச் சேர்க்கப்படும் ஹொப்ஸ் என்ற பூவின் சேர்மங்கள் சிதைந்து, மிகச் சிறிய அளவிலேயே மூக்கில் அடிக்கும் ஒரு கந்தகச் சேர்மம் உருவாகும். தவிட்டு நிறக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கும்; பச்சை நிறமும் நிறமற்றதும் அவ்வளவாகத் தடுக்காது. கலந்தால் தெரியாது என்பதும் பொய். இனிப்பு நாக்கின் கசப்பை ஓரளவு மறைக்கலாம், ஆனால் ஜிஞ்சர் பியரின் வாயுக்குமிழிகள் கெட்ட மணத்தையும் சேர்த்தே மூக்குக்குக் கொண்டுவருகின்றன. மெக்சிக்கோவில் தேசிக்காய், உப்பு, மிளகாய்க் காரம் எல்லாம் சேர்த்துச் செய்யும் மிச்செலாடா என்ற பியர்க் கலவைக்கும்கூட அடியில் இருக்கும் பியர் நன்றாக இருக்க வேண்டும்.

மறுநாள் பற்றுச்சீட்டுடனும் போத்தல்களுடனும் கடைக்குப் போனேன். திறந்ததைத் திருப்பி எடுக்க ஏலாது என்றார். திறக்காதவற்றைக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை உண்மையில் அச்சப்படுத்தியது. மேசைக்கு அடியிலிருந்து லேபலும் மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கரும் இல்லாத அரைப் போத்தல் ஒன்றை எடுத்து, "இதில கொஞ்சம் அந்த பியருக்க விடுங்கோ அண்ணை, ருசி சரிவரும், காசு வேண்டாம்" என்று நீட்டினார். நான் வாங்கவில்லை. யாரும் வாங்கக் கூடாது. எங்கே, எப்படி வடிக்கப்பட்டது என்று தெரியாத சாராயத்தில் மெதனோல் கலந்திருக்கலாம். அதை ருசியாலோ மணத்தாலோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் அது போமிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும், அறிகுறிகள் தெரிவதற்குப் பல மணிநேரமும் ஆகலாம். இஞ்சியும் தேசிக்காயும் சேர்ந்த பானத்தில் அப்படி ஒன்று ஊற்றப்பட்டால் குடிப்பவருக்கு எந்தச் சந்தேகமும் வராது. விருந்தாளிக்குக் கொடுக்கும் குவளையில் இதை ஊற்றச் சொல்லுமளவுக்கு ஒரு வியாபாரி துணிகிறார் என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி லேபலை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியதும் வியாபாரியின் கடமை. முறைப்பாட்டை எழுத்தில், பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். நான் லேபலின் படங்களையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். திறக்காத போத்தல்களைச் சான்றாக வைத்திருக்கிறேன். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எதற்காக வாங்குகிறீர்கள் என்று கடையில் கேட்டால் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. போத்தல் பத்திரிகைத்தாளில் சுற்றி வந்தால், காசு கொடுக்கும் முன் அங்கேயே தாளைப் பிரித்துத் திகதியைப் பாருங்கள். திகதி இல்லாவிட்டால், அல்லது அந்த இடம் சுரண்டியிருந்தால், வாங்காதீர்கள். வெயில் விழும் முகப்பில் அடுக்கி வைத்திருப்பதையும் தவிருங்கள். இதே மாதிரி திகதி சுரண்டிய போத்தல் உங்கள் வீட்டில் இப்போது இருந்தால் எறிந்துவிடாமல், படமெடுத்து, பற்றுச்சீட்டுடன் உங்கள் முறைப்பாட்டையும் அனுப்புங்கள். பலரிடமிருந்து எழுத்தில் வந்தால் அந்தக் கடையின் பின்னறையை அதிகாரிகள் திறந்து பார்க்க வேண்டி வரும்.