போர்ட்டிங் செய்த ஆர்எக்ஸ் 100: சிக்னலில் நிற்காத வண்டி

போர்ட்டிங் செய்த (அதாவது பவருக்காக சிலிண்டரின் வாசல்களை வெட்டி மாற்றிய) யமஹா ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். விற்பவர்கள் சொல்லும் விலை லட்சத்தைத் தாண்டுகிறது. அதே மாதிரி ஒரு வண்டியைச் சில வருடங்களாகச் சென்னைக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதால் போனில் 'ம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லி முடிக்க முடியவில்லை.

98 சிசி, 11 குதிரைத்திறன், 1985 முதல் 1996 வரை வந்த வண்டி என்பதெல்லாம் கேட்டவருக்கே தெரியும். என் வண்டியை முன்பு வைத்திருந்தவர் அதில் என்ன செய்திருந்தார் என்பதுதான் விஷயம். புகை வெளியேறும் வாசலான எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே உயர்த்தியிருந்தார். சிலிண்டரின் மூடியான ஹெட்டை லேத்தில் கொடுத்து இழைத்திருந்தார். சைலன்சருக்குப் பதில் எக்ஸ்பான்ஷன் சேம்பர் போட்டு, ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு, டூ-டி ஆயிலை (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) பெட்ரோல் டேங்கிலேயே கலக்கும்படி விட்டிருந்தார். விடிகாலை ஈசிஆரில் மூன்றாவது கியரில் அது சட்டென்று எழும்பும் இடம் இருக்கிறதே, அதற்காக எதையும் மன்னிக்கலாம். வடபழனி சிக்னலில் வந்து நின்றால் மன்னிக்க முடியாது. ஐட்லிங் (த்ராட்டிலைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறும், அப்படியே தொங்கும், பிறகு விழுந்து வண்டி அணைந்துவிடும். பச்சை விழுந்ததும் பின்னால் வருகிற ஆட்டோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்எக்ஸ் ஐட்லிங்கில் சீராக ஓடாது, ஓடவும் கூடாது. த்ராட்டில் மூடியிருக்கும்போது எரிந்த புகை சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அதனால் சில சுற்றுகளில் தீப்பிடிப்பதில்லை. அந்த 'டிங்... டிங்டிங்... டிங்' அங்கிருந்துதான் வருகிறது. அதைக் கேட்டு 'மிஸ்ஸிங் அடிக்குது' என்று கார்ப்ரேட்டரைப் பிரிப்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். என் வண்டியின் நோய் வேறு. கை வைக்காமலே ரெவ் (இன்ஜின் சுற்றும் வேகம்) ஏறுவதும், விட்ட பிறகும் இறங்க மறுப்பதும் வேறு கதை.

மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தைக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தார். 80 பிஎஸ்ஐ. ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி கிக் அடித்தால் 105. ஆயில் இடுக்கை அடைத்ததும் ஏறுகிறது என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் போய்விட்டது, வாதம் இல்லை. பிரித்தால் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நீள நீளமாகக் கீறல். "போர் பண்ணிடலாம் சார், எல்லாம் சரியாயிடும்" என்றார். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதுதான் போர். அதற்கேற்ற அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங், எல்லாம் ஆயிற்று. கீறல் ஏன் விழுந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

போர் வேலைக்குப் பிறகும் கேஜ் 105-ஐத் தாண்டவில்லை. கை வைக்காத இன்னொரு ஆர்எக்ஸில் அதே கேஜ் 120 காட்டியது. உடனே "ஹெட்ல இன்னும் கொஞ்சம் எடுத்துடலாம் சார்" என்று ஆரம்பித்தார். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) மொத்தமே 50 மி.மீ. பிஸ்டன் மேலே போகும்போது எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகுதான் உள்ளே அழுத்தம் ஏறத் தொடங்கும். போர்ட்டை உயர்த்தினால் அது மூடுவது தாமதமாகும், அழுத்துவதற்கு மிச்சமிருக்கும் தூரம் குறையும். கிக் வேகத்தில் கேஜ் குறைவாகத்தான் காட்டும். கேஜின் ஹோஸில் இருக்கும் இடம்கூட இவ்வளவு சின்ன ஹெட்டுக்குக் கணக்கில் வரும். அதனால் ஒரே கேஜில் எடுத்த அளவுகளை மட்டும்தான் ஒப்பிட வேண்டும், அதுவும் த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு. இந்த நிலையில் ஹெட்டை மேலும் இழைத்தால் கேஜுக்குச் சந்தோஷம்; மே மாத வெயிலில் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்து பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஐட்லிங்? அப்படியேதான் இருந்தது. புது பிஸ்டனோடு தொங்கியது.

ஒரு துப்பு கையிலேயே இருந்தது. கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் பாதி இழுத்தால் வண்டி அமைதியாகிவிடும். அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ கூடுதலாகக் காற்று போகிறது. கார்ப்ரேட்டரில் ஜெட்டை மாற்றியும் பைலட் ஸ்க்ரூவைத் திருகியும் பார்த்தாயிற்று. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு கலவை கொஞ்சம் லீனாகத்தான் (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) போகிறது, பழைய ரப்பர்களும் அதைத் தாங்குவதில்லை. ஆனால் அது மட்டுமே இவ்வளவு ஆட்டம் காட்டாது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மேலே ஒரு கம்ப்ரஷன், கீழே கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸில் இன்னொன்று. கேஜ் பார்ப்பது மேலே இருப்பதை மட்டும். கீழே இருப்பதைப் பார்க்க நான் போன எந்தக் கடையிலும் கருவி இல்லை.

வீட்டில் இருந்தது. அப்பாவுக்கு வாங்கிய பழைய டயல் பிபி மெஷின். 300 மி.மீ. பாதரசம் என்றால் ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ. கிராங்க் கேஸைச் சோதிக்கக் கொடுக்கும் அழுத்தமும் அவ்வளவுதான். சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயை சைக்கிள் டியூப் துண்டும் ஒரு தகடும் வைத்து முடுக்கினேன். கார்ப்ரேட்டர் இருந்த ரப்பர் வாயில் ஒரு கட்டையைச் செருகி, அதன் நடுவில் துளை போட்டு பிபி டியூப். அடித்து 300-க்கு ஏற்றினால் முள் கண் முன்னாலேயே சரிந்தது. சோப்புத் தண்ணீர் பூசிக்கொண்டே வந்தேன். ஹெட்டில் ஒன்றுமில்லை, சிலிண்டர் அடியில் ஒன்றுமில்லை. இடது பக்கம் மேக்னெட்டைப் புல்லர் போட்டு எடுத்ததும் கிராங்க் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் அடைப்பான ஆயில் சீலைச் சுற்றி நுரை பொங்கியது. அம்மா எட்டிப் பார்த்து, "வண்டிக்கு லோ பிபியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சீலின் ரப்பர் கல்லாகியிருந்தது. அந்த வழியாகக் காற்று போய்க் கலவை லீனாகி, லீனானதால் சூடேறி, பெட்ரோலோடு வரவேண்டிய ஆயிலும் குறைந்து, பிஸ்டனில் கீறல், ரிங் தேய்வு, கடைசியில் கம்ப்ரஷன் குறைவு. எல்லாம் ஒரே வரிசை. சீலை மாற்றாமல் ஓட்டியிருந்தால் புது பிஸ்டனும் அதே வழியில் போயிருக்கும். வலது பக்கச் சீல் போயிருந்தால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை விட்டுக் காட்டிக்கொடுக்கும். இடது பக்கம் வறண்ட பக்கம், சத்தமே போடாது. சீலின் விலை சில நூறு. போர் வேலைக்கு ஆன செலவைச் சொல்ல விருப்பமில்லை.

இப்போது வடபழனி சிக்னலில் அணையாமல் நிற்கிறது. டிங், டிங்டிங். கேஜ் இன்னும் 105 தான், அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நியாயமாகச் சொன்னால் இதில் கம்பெனி இன்ஜின் மேல் ஒரு குறையும் இல்லை. இத்தனை வருடமான எந்த ரப்பரும் இப்படித்தான் ஆகும். அதன் மேல் ஆளாளுக்குச் செய்த வேலைதான் என் பணத்தைத் தின்றது. போர்ட்டிங்கால் மேல் ரெவ்வில் கிடைத்த பவரைச் சென்னை டிராஃபிக்கில் எங்கே வைத்துக்கொள்வது? கீழ் ரெவ்வில் இருந்த இழுவை போய்விட்டது, மேம்பாலம் ஏறும்போது இரண்டாவது கியருக்கு வரவேண்டியிருக்கிறது. சேம்பர் சத்தத்துக்கு டிராஃபிக் போலீஸிடம் ஃபைன் வேறு.

எனவே நண்பருக்குப் பதில்: எடுக்காதீர்கள். பிபி மெஷின் வைத்துப் பார்க்கச் சம்மதிக்காத ஆளிடம் பேரம்கூடப் பேசாதீர்கள். என்னுடையதைக் கொடுப்பீர்களா என்று அடுத்துக் கேட்பார் என்று தெரியும். கொடுப்பதாக இல்லை. போர்ட்டில் கை படாத சிலிண்டர், 50.50 மி.மீ. விட்டத்துக்குள் நிற்கிற போரோடு யாரிடமாவது இருந்தால் விலை சொல்லுங்கள்.