ரம்மி தெரிந்தவருக்கு ரீச்சி மாஜாங்: சில வருட அனுபவம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விண்டோஸ் 7-ல் ஜோடி ஜோடியாகக் காய்களைச் சொடுக்கிக் காலி செய்வோமே, மாஜாங் டைட்டன்ஸ், அது இது இல்லை. காய்கள்தான் அதே காய்கள். நான் சொல்வது நான்கு பேர் உட்கார்ந்து ஆடும் அசல் மாஜாங், அதிலும் ஜப்பானியர்கள் ஆடும் ரீச்சி வகை. சில வருடங்களாக ஃபோனில் ஓர் இலவச ஆப்பில் ஆடி வருகிறேன்.

13 சீட்டு ரம்மி தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கையில் 13 காய்; ஒன்றை எடுத்து ஒன்றைக் கீழே போட வேண்டும். 14-வது காயோடு நான்கு செட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஆட்டம் உங்களுடையது. செட் என்றால் ஒரே இனத்தில் 4-5-6 போல வரிசை, இல்லாவிட்டால் ஒரே காய் மூன்று. வட்டம், மூங்கில், சீன எண் என மூன்று இனம். அப்புறம் திசைக்காற்று நான்கு, டிராகன் மூன்று. ஆக 34 வகை, வகைக்கு நான்கு வீதம் 136 காய். சீன எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் வெறும் கோடுகள்தான். மிச்சமும் சீக்கிரமே கண்ணுக்குப் பழகிவிடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கை சேர்ந்தால் மட்டும் போதாது, அதில் 'யாக்கு' ஒன்றாவது இருக்க வேண்டும்; அதாவது, ஜெயிப்பதற்குத் தகுதி தரும் குறிப்பிட்ட அமைப்போ நிபந்தனையோ. அடுத்தவர் போட்ட காயை, ஒரே காய் மூன்று சேர்க்க 'போன்', வரிசை சேர்க்க 'சீ' என்று கேட்டு வாங்கலாம். ஆப்பில் அதற்கான பட்டன் மின்னும்போது புதியவர்களுக்குக் கை சும்மா இருக்காது. மூன்று செட் மளமளவென்று இறங்கிவிடும். கடைசிக் காயும் வரும். ஆனால் ஜெயிக்கிற பட்டன் வராது, யாக்கு இல்லை என்பதால். எதையும் வாங்காமல், கடைசிக் காய்க்குக் காத்திருக்கும் நிலைக்கு வந்து, 1000 புள்ளி கட்டி 'ரீச்சி' சொன்னால் அதுவே ஒரு யாக்கு. ஆரம்பத்தில் டிராகன் ஜோடிக்கு மூன்றாவது வந்தால் வாங்குங்கள், டிராகன் மூன்று சேர்ந்தால் அதுவும் யாக்குதான். மற்றதற்குப் பட்டனைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

ரம்மி அனுபவம் காலை வாருவது இதற்கு அப்புறம்தான். ரம்மியில் யார் டிக்ளேர் செய்தாலும் அவரவர் கையில் இருக்கும் புள்ளிதான் அவரவர் தலையில் விழும். இங்கே ஜெயிக்கிற காயைப் போட்டுக் கொடுத்தவரே மொத்தத்தையும் கட்ட வேண்டும். 25,000 புள்ளியோடு தொடங்கும் ஆட்டத்தில் ஒரு மாங்கான், அதாவது பெரிய கை, என்றால் 8000, டீலர் ஜெயித்தால் 12,000. நடுவில் டிராப் செய்யவும் வழியில்லை. காய் எடுத்துப் போட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் பின்வாங்குவது என்றால் நம் கையை நாமே உடைத்து, ஆபத்தில்லாத காயாகப் பார்த்துப் போடுவது.

எது ஆபத்தில்லாதது? எதிராளி ரீச்சி சொல்லிவிட்டார், அவர் முன்னால் வட்டம் 4 கிடக்கிறது என்று வையுங்கள். தான் காத்திருக்கும் காயை ஏற்கெனவே கீழே போட்டவர், அடுத்தவர் போடும் காயில் ஜெயிக்க முடியாது. எனவே அவரிடம் வட்டம் 4 நூறு சதவீதம் பத்திரம். அவர் 2-3 வைத்துக்கொண்டு 1-4க்குக் காத்திருந்தாலும், 5-6 வைத்துக்கொண்டு 4-7க்குக் காத்திருந்தாலும் இதே தடைதான். ஆக 1, 7 இரண்டும் ஓரளவு பத்திரம். ஓரளவுதான், ஜோடிக்காக 1-ஐயே பிடித்து வைத்திருக்கவும் கூடும். எனக்கு இந்த ஆட்டம் அலுக்காமல் இருப்பதற்குக் காரணமே இந்தத் துப்பறியும் வேலைதான்.

ஆப்பைப் பொறுத்தவரை, விதி மீற விடாது, எந்தக் காய்க்குக் காத்திருக்கிறோம் என்று காட்டும். புள்ளிக் கணக்கையும் அதுவே போட்டுவிடுவதால் புள்ளிக்கு அடிப்படையான ஹான், ஃபு என்ற இரண்டு அளவுகளையும் பார்த்துக் கணக்கிடும் பழக்கம் மட்டும் எனக்கு வரவே இல்லை. காசு கட்டிப் பொம்மைகளைக் குலுக்கி எடுக்கும் சமாச்சாரம் தனியாக ஓடுகிறது. அந்தப் பக்கம் போகாமலே ஆடலாம். நடுவில் எழுந்துபோக மட்டும் முடியாது. கிழக்குச் சுற்று என்ற முதல் சுற்றோடு முடியும் குட்டி ஆட்டம் அவசரத்துக்கு நல்லது.

நிஜக் காய் வாங்க ஆசை வந்தால் சீன செட்டே போதும். 144 காய் இருக்கும், பூக்காய் எட்டையும் ஒதுக்கிவிடுங்கள். நான்காவது ஆள் கிடைக்காவிட்டால் சீன எண்ணில் 2 முதல் 8 வரை எடுத்துவிட்டு 108 காயில் மூவர் ஆடலாம். அதில் சீ கிடையாது, கைகளும் பெரிது பெரிதாக விழும். புதியவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.