தொழிற்கல்வி முடித்த பெண்களின் சம்பளம்: துறை மாறுவதா, துறையின் கூலியை உயர்த்துவதா?

ஒரே அளவு காலம் படித்தாலும் எலெக்ட்ரீஷியனுக்கும் குழந்தைப் பராமரிப்பாளருக்கும் சம்பளம் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. முதல் படிப்பில் ஆண்கள் அதிகம், இரண்டாவதில் பெண்கள் அதிகம். இந்த இடைவெளியைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு.

மின்பணி, வெல்டிங் போன்ற படிப்புகளில் பெண்களைச் சேர்ப்பது ஒன்று. சேர்ந்தவருக்குப் பலன் சீக்கிரம் தெரியும். ஆனால் சேர்த்துவிட்டால் மட்டும் போதுமா? ஆண் கை அளவுக்குத் தைத்த கையுறை நழுவும், வேலைத்தளத்தில் தனிக் கழிப்பறை இருக்காது, ஓவர்டைம் தெரிந்த ஆட்களுக்கே போகும். அப்புறம் எத்தனை பேர் அங்கே நிலைப்பார்கள்?

பெண்கள் ஏற்கெனவே செய்யும் வேலைக்கு உரிய கூலி கொடுப்பது இன்னொன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆவது உடன்படிக்கை 1951-லேயே 'சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்' என்றது. படுக்கையில் கிடக்கும் முதியவரைத் தோளும் இடுப்பும் பிடித்து, தோல் உரசாமல் திருப்பிப் படுக்கவைக்கப் பலமும் வேண்டும், பயிற்சியும் வேண்டும். நியூசிலாந்தில் 2017-ல் பராமரிப்புப் பணியாளர்களுக்குச் சுமார் 15 முதல் 50 சதவீதம் வரை ஊதிய உயர்வு ஒப்பந்தமானது.

என் ஓட்டு இரண்டாவதற்கே. செலவு அதிகம்தான், சரி. ஆனால் எல்லோரும் வெல்டிங்குக்குப் போய்விட முடியாது. அந்த முதியவரை யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?