64 கட்டமா, 100 கட்டமா? இரண்டு செக்கர்ஸ் ஆட்டங்கள்

எதிரியின் காயைக் குறுக்காகத் தாண்டி வெட்டும் பலகை ஆட்டமான செக்கர்ஸைப் பழக நினைப்பவர்கள் பெரும்பாலும் 8க்கு 8 பலகையில் ஆடும் ஆங்கில ஆட்டத்தில்தான் தொடங்குகிறார்கள். ஆளுக்கு 12 காய். சாதாரணக் காய் முன்னோக்கி மட்டுமே வெட்டும், எதிர்க் கடைசி வரிசையை எட்டி ராஜாவான காயும் ஒரு கட்டம்தான் நகரும். வெட்டு கட்டாயம், ஆனால் வெட்ட இரண்டு வழி இருந்தால் விரும்பிய வழியை எடுக்கலாம்.

சர்வதேச ஆட்டத்துக்குப் பலகை 10க்கு 10, ஆளுக்கு 20 காய். இங்கே சாதாரணக் காயும் பின்னோக்கி வெட்டும். ராஜாவோ சதுரங்க பிஷப் மாதிரி குறுக்கே எவ்வளவு தூரமும் பாயும். அதிகக் காய் விழும் வழியைத்தான் எடுத்தாக வேண்டும். அதனால் நாலு காயைப் பலி கொடுத்து எதிரியை நமக்கு வேண்டிய இடத்துக்கு இழுத்துவிடலாம்!

இன்னொரு நுணுக்கம்: வெட்டிய காய்களை, வெட்டு முழுவதும் முடிந்த பிறகே பலகையிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே காயை இருமுறை தாண்டவும் கூடாது. ஆக, பாய்ந்து வந்த ராஜாவுக்குத் தான் வெட்டிய காயே குறுக்கே நிற்கும், பாதியில் நின்று அடுத்த நகர்வில் வெட்டுப்படும். இதற்குத் 'துருக்கி அடி' என்று பெயர். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்ததே இதுதான்.

அதற்காக ஆங்கில ஆட்டத்தை லேசாக எண்ண வேண்டாம். பிழையில்லாமல் ஆடினால் அது டிராவில்தான் முடியும் என்று கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழு 2007இல்தான் கணினியால் நிரூபித்தது. பெரிய பலகைக்கு அப்படி ஒரு விடை இன்னும் வரவில்லை.

குழந்தைகளுக்கு 64 கட்டம் சரி. சதுரங்கம் ஆடிப் பழகியவர்கள் நேராக 100 கட்டத்துக்கே போகலாம்.