பேண்ட் அளவு 34, வயிறு 94

ஷார்ஜாவிலிருந்து ஆனி மாதம் ஊருக்கு வந்தது குற்றாலச் சாரலுக்காக. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த எங்கள் செங்கோட்டையில் சாரலென்றால் கூடவே பார்டர் பரோட்டாவும் உண்டு. ஆனால் என் வயதுக்காரனான அறைத்தோழனுக்கு 29 வயதிலேயே சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து எனக்கும் உறுத்தல். தென்காசியில் ஒரு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன்.

காலை 7 மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். ஸ்கேன் எடுத்தபோது மணி 11. பணம் கட்டும் ஜன்னலில் மட்டும் காத்திருக்க வைக்கவில்லை. ரிப்போர்ட்டில் ஒரே வரி: கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 1. விளக்கம் கேட்டேன். “இப்போது எல்லோருக்கும் இருக்கிறது சார்” என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்கே போய்க் குடிக்கிறாயா?” ஒரு சொட்டும் தொட்டதில்லை என்று சத்தியம் செய்த பிறகும் இரண்டு நாள் நம்பவில்லை.

சித்தப்பா உள்ளூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அவர் இழுப்பறையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்தார். பேண்ட் அளவு 34 இன்ச் என்றேன். “அது தொப்பைக்குக் கீழே நிற்கிற அளவு” என்று, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே சுற்றினார். 94 செ.மீ. நம் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 தாண்டினாலே எச்சரிக்கையாம். 170 செ.மீ. உயரம், 68 கிலோ. கை கால் ஈர்க்குச்சி. ஒல்லி என்றே நினைத்திருந்தேன். பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 23.5; ஆசியர்களுக்கு 23-லேயே கோடு கிழித்திருக்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்கிற கல்லீரல் என்சைம் நார்மல்தானே என்று வாதாடினேன். அது நார்மலாக இருந்தும் கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்றார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? உண்டு. உட்கார்ந்த வேலையா? ஆமாம், அதுவும் இரவு ஷிப்ட். குளிர்பானம்? நாளுக்கு மூன்று டின். சர்க்கரையிலுள்ள ஃப்ரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரல் தலையில்தான் விழும், மிஞ்சுவதை அது கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும் என்றார். குறட்டை? நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா, “வீடே அதிர்கிறது.”

மாத்திரை எழுதவில்லை. டின்னை நிறுத்து, தினமும் நட, ஐந்து கிலோ குறைத்துவிட்டு வா. ஃபீஸ் 200 ரூபாய். ஸ்கேனுக்குக் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

திரும்பும் வழியில் சித்தப்பாவின் வண்டி பழக்கதோஷத்தில் பார்டர் பக்கம் திரும்பியது. இரண்டு பரோட்டாவோடு எழுந்தேன். பரிமாறியவர் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்: “உடம்பு சரியில்லையா தம்பி?”