எதை முதலில் வாங்கலாம்: ஸ்ட்ரீட் ஃபைட்டர் தொகுப்பா, கேப்காம் தொகுப்பா?

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில், காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் சண்டை ஆட்டங்களைத் திரும்ப ஆட நினைத்தால் கேப்காம் நிறுவனத்தின் இரண்டு தொகுப்புகள் கண்ணில் படும்.

2018இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 30ஆம் ஆண்டுத் தொகுப்பில் 12 ஆட்டங்கள். 1987இன் முதல் ஆட்டம் தொடங்கி ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3இன் கடைசிப் பதிப்பான தேர்ட் ஸ்ட்ரைக் வரை உண்டு. எனக்கு தேர்ட் ஸ்ட்ரைக்குக்காகவே இதன்மேல் கொள்ளை ஆசை. அடி விழும் கணத்தில் எதிராளியை நோக்கி ஸ்டிக்கைத் தட்டினால் அடி மேலே படாது, உடனே திருப்பி அடிக்கலாம். கொஞ்சம் தாமதித்தால் போச்சு! குறை என்னவென்றால், இணையத்தில் மோத நான்கு ஆட்டங்கள்தான்.

2022இன் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷனில் உள்ள 10 ஆட்டங்களையும் இணையத்தில் ஆடலாம். பேய், பிசாசுகள் மோதும் டார்க்ஸ்டாக்கர்ஸ் வரிசை முழுதாக இருக்கிறது. இதிலுள்ள ரெட் எர்த் என்ற ஆட்டம் எந்த வீட்டுக் கன்சோலுக்கும் அதற்குமுன் வந்ததே இல்லை.

சிங்கப்பூரில் நான் மேற்கே ஜூரோங்கில், தம்பி வடகிழக்கே பொங்கோலில். வார நாள் இரவில் இணையத்தில் மோத எங்களுக்குக் கேப்காம் தொகுப்புதான் சரி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிள்ளைகள் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு வந்துவிட்டால் ஸ்ட்ரீட் ஃபைட்டர்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், பக்கத்தில் உட்கார்ந்து ஆட ஆள் இருப்பவர்கள் 2018 தொகுப்பையே எடுங்கள்.