ஆயில் வைத்த கண்ணில் பிரஷர் ஏறினால்: சொட்டா, ஆயிலை எடுப்பதா, டியூபா?

அப்பாவின் வலது கண்ணில் விழித்திரை கழன்று, ஆபரேஷன் செய்து, அதை அழுத்திப் பிடிக்கச் சிலிக்கான் ஆயில் வைத்த நான்காவது வாரம் கண் பிரஷர் 34. சாதாரணமாக 10லிருந்து 21க்குள் இருக்க வேண்டியது. ஆயில்தானே காரணம், எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார்கள் வீட்டில். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் எது நல்லது என்று பேசுவதற்கு முன்னால் பிரஷர் எப்போது ஏறியது என்று பார்க்க வேண்டும். முதல் சில வாரங்களில் என்றால் கண்ணுக்குள் அழற்சி, ஆயில் கூடுதலாக நிரம்பியிருப்பது, இல்லாவிட்டால் அழற்சியை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டே காரணமாக இருக்கலாம். அப்பாவுக்குக் கடைசியில் சொன்னதுதான். டாக்டர் ஸ்டீராய்டை லேசானதாக மாற்றி (இதை நாமாகச் செய்யக் கூடாது), பிரஷரை இறக்கும் சொட்டுகளான டிமோலாலும் பிரிமோனிடினும் சேர்த்தார். ஆஸ்துமா இருந்தால் டிமோலால் ஆகாது, அவர்கள் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும். நடுவில் சில நாள் டயமாக்ஸ் மாத்திரை. வேகமாக இறக்கும், ஆனால் விரல் நுனியெல்லாம் குறுகுறுத்து, அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடவைத்து, குடிக்கிற சோடாவின் ருசியைக்கூடக் கெடுத்துவிடும். அதை மாதக்கணக்கில் ஓட்டுவது கஷ்டம்.

மாதங்கள் கழித்து ஏறுகிற பிரஷர் வேறு கதை. ஆயில் பொடிப்பொடியாக உடைந்து, கண்ணுக்குள் ஊறும் நீர் (அழும்போது வருவதல்ல) வடியும் சல்லடையில் போய் அடைத்துக்கொள்ளும். எண்ணெய் மிதக்கும் இல்லையா, அதனால் கருவிழியை மூடியிருக்கும் கண்ணாடிப் படலத்துக்குப் பின்னால் மேல்பக்கத்தில் பளபளவென்று நுரை மாதிரி ஒரு கோடு தெரியும். அப்போது ஆயிலை எடுப்பது நியாயம்தான், ஆனால் இரண்டு சிக்கல்: விழித்திரை மறுபடி கழலலாம், சல்லடை ஏற்கெனவே கெட்டிருந்தால் ஆயில் போனபிறகும் பிரஷர் இறங்காது.

அதற்கும் மசியாவிட்டால் டியூப், அதாவது அந்த உள்நீரை வெளியே வடிக்கக் கண்ணில் வைக்கும் சின்னக் குழாய். வழக்கமான குளுக்கோமா (கண் பிரஷர் நோய்) ஆபரேஷன் இந்தக் கண்களில் பெரும்பாலும் நிலைப்பதில்லை, வெள்ளைவிழியின் மேல்தோலில் ஏற்கெனவே தழும்பு இருக்கும். வால்வு உள்ள டியூபான அகமது வால்வு என்றால் பிரஷர் உடனே இறங்கும். மதுரை ஆரோலேப் தயாரிக்கும் ஆடி (AADI) டியூபில் வால்வு கிடையாது, கரையும் நூலால் கட்டி வைப்பதால் சுமார் ஐந்தாறு வாரம் காத்திருக்க வேண்டும், ஆனால் விலை குறைவு. ஆயில் உள்ளே இருக்கும்போதே வைத்தால் பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகத்தான் வைக்கிறார்கள், மேலே வைத்தால் மிதக்கிற ஆயில் குழாய்க்குள் நுழைந்துவிடும்.

இன்னொரு வழி டயோடு லேசர், அந்த உள்நீர் சுரக்கும் இடத்தையே சுடுவது. கத்தி வேண்டாம், சீக்கிரம் முடியும். சுட்டதைத் திரும்பப் பெற முடியாது, கூடிப்போனால் கண் துவண்டுவிடும், அதனால் பார்வை நன்றாக இருக்கும் கண்ணில் நான் அவசரப்பட மாட்டேன்.

அப்பாவுக்கு இப்போது 17. சொட்டு விட்டதும் மூக்கோரம் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்கிறார், அடுத்த சொட்டுக்கு ஐந்து நிமிடம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், இன்னொரு கண்ணால்.